ஜார் மன்னரும் பிளாஸ்டிக் பையும்

வாடகைக்கு வந்து வீட்டை நாசமாக்கிவிட்டுப் போனவர்களைப் பற்றி லண்டன் லூயிஷாமில் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். மூன்று பேர் என்று சொல்லிப் பதின்மூன்று பேரைக் குடியேற்றியவர், குளிக்கும் தொட்டியில் ஆட்டிறைச்சி கழுவிக் குழாயை அடைத்தவர், போகும்போது பல்பையும் கழற்றிக்கொண்டு போனவர் என்று வகைவகையாக உண்டு. அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றினாலும் 1698இல் டெட்ஃபோர்டுக்கு வந்த ஒரு வாடகைக்காரருக்கு ஈடாகமாட்டார்கள். பெயர் பீட்டர். தொழில், ரஷ்யாவின் சக்கரவர்த்தி.

டெட்ஃபோர்டு இன்றைக்கு லூயிஷாம் கவுன்சிலின் கீழ் வருகிறது. அப்போது அங்கே அரச கப்பல்துறை அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. கப்பல் கட்டக் கற்றுக்கொள்ள வந்த பீட்டருக்குத் துறைக்குப் பக்கத்தில் ஒரு வீடு தேவைப்பட்டது. சேஸ் கோர்ட் என்று ஒரு மாளிகை கிடைத்தது. சொந்தக்காரர் ஜோன் எவலின், நாட்குறிப்பு எழுதுவதிலும் மரம் வளர்ப்பதிலும் பேர்போனவர். அவர் வீட்டை பென்போ என்ற கடற்படைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பென்போவிடமிருந்து அது சக்கரவர்த்தியின் கைக்குப் போனது. உள்வாடகைக்குப் போன வீடு என்ன கதிக்கு ஆளாகும் என்று எங்கள் ஆட்களில் ஒருவரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். எவலின் கேட்கவில்லை.

மூன்று மாதம் போல இருந்தார்கள். கதிரைகள் அடுப்புக்குப் போயின. சுவரில் தொங்கிய ஓவியங்களைக் குறிபார்த்துச் சுட்டார்கள் என்கிறார்கள். எவலின் பிள்ளை மாதிரி வளர்த்த ஹொலி வேலிக்குள் பீட்டரைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து ஓட்டி விளையாடினார்கள் என்பது இந்த வட்டாரத்தின் தலபுராணம். அந்த வேலி ஒரு ஆள் உயரத்தை விட உயரம், முள்ளும் உண்டு. சக்கரவர்த்திக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை போலும்.

எவலின் நட்டஈடு கேட்டார். சேதத்தைக் கணக்கெடுக்க அரசாங்கம் அனுப்பிய ஆள் யார் தெரியுமா? சேர் கிறிஸ்டோபர் ரென். அந்த நேரத்தில் செயின்ட் போல் தேவாலயத்தைக் கட்டிக்கொண்டிருந்த அதே ரென். கோபுரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து, உடைந்த கதிரை எத்தனை, கிழிந்த மெத்தை எத்தனை என்று எண்ணி எழுதினார். தோட்டத்துக்குத் தனியாக ஒரு தோட்டக்கலை நிபுணர். எவலினுக்கும் பென்போவுக்குமாகக் கூட்டிப் பார்த்ததில் 350 பவுணும் சில்லறையும் வந்தது. திறைசேரி கட்டியது.

47ஆம் நம்பர் பஸ் லூயிஷாமிலிருந்து எவலின் ஸ்ட்ரீட் வழியாகத்தான் போகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் யோசிப்பது தள்ளுவண்டியைப் பற்றியல்ல. பணம் போன திசையைப் பற்றி. இழந்தவன் எவலின், பணம் வந்தது எவலினுக்கு, கொடுத்தது திறைசேரி. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் நியாயம். முந்நூறு வருடத்தில் அதே வட்டாரத்தில் அந்தத் திசை எப்படித் தலைகீழாகத் திரும்பியது என்பதுதான் நான் சொல்லவந்த கதை.

2012 டிசம்பரில் லூயிஷாம் கவுன்சிலுக்குத் தகவல் ஆணையாளர் 70,000 பவுண் தண்டம் போட்டார். நடந்தது இதுதான். கவுன்சிலின் சமூகசேவை உத்தியோகத்தர் ஒருவர் வீட்டில் வைத்து வேலை செய்வதற்காகக் கோப்புகளை எடுத்துப் போனார். கடையில் மரக்கறி வாங்கினால் தருவார்களே, அந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் பையில். ரயிலில் பையை மறந்துவிட்டு இறங்கிவிட்டார். உள்ளே இருந்தவை டொக்டர் அறிக்கை, பொலிஸ் அறிக்கை, பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகள் பற்றிய முறைப்பாடுகள். ரயில் கொம்பனியின் தொலைந்த பொருள் அறையிலிருந்து பை பிறகு மீட்கப்பட்டது. ஒற்றைக் கையுறைகளுக்கும் கம்பி உடைந்த குடைகளுக்கும் நடுவில் ஏதோ ஒரு குடும்பத்தின் மிக மோசமான நாள் உட்கார்ந்திருந்திருக்கும்.

70,000 பவுண் எங்கே போனது? திறைசேரிக்கு. கவுன்சிலுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? எங்கள் வரியிலிருந்து. அந்தக் கோப்புகளில் பெயர் இருந்த குடும்பங்களும் கவுன்சில் வரி கட்டியிருந்தால், தங்கள் ரகசியம் ரயிலேறியதற்கான தண்டத்தில் தாங்களும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள். ரென் எழுந்து வந்து பார்த்தால் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பவும் கோபுரத்தில் ஏறியிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இதே கவுன்சிலுக்கு 2023இல் தகவல் ஆணையாளர் இன்னொரு கட்டளை அனுப்பினார். குடிமக்கள் தகவல் கேட்டு எழுதிய 338 மனுக்கள் தவணை தாண்டிக் கிடந்தன, அவற்றில் 221 ஒரு வருடத்துக்கும் பழசு. கேட்டுப் பெறுவதற்கு வருடக்கணக்கு. கேட்காமல் பெறுவதற்கு ரயிலில் ஒரு இருக்கை போதும்.

ஆனாலும் கவுன்சிலைப் பாவம் என்று விட்டுவிடலாம். அதன் தொழில் குப்பை அள்ளுவதும் விளக்குக் கம்பம் நடுவதும். காப்புறுதிக் கொம்பனியின் கதை அப்படியல்ல. ஊரார் ரகசியம்தான் அதன் முதல். படிவத்தை எடுத்துப் பாருங்கள். புகைப்பீர்களா, எத்தனை? அப்பா எந்த வயதில், எதனால் செத்தார்? கடைசியாக எப்போது ரத்தம் சோதித்தீர்கள்? வீட்டில் நகை உண்டா, எந்த அறையில், என்ன பூட்டு? பெண்சாதிக்கே சொல்லாத சங்கதிகளை ஒரு முன்பின் தெரியாத ஆளுக்குக் கறுப்பு மையில், பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஒரு எழுத்தாக எழுதிக் கொடுக்கிறோம். கையெழுத்தும் வைக்கிறோம்.

எங்கள் ஊரில் இந்த வேலையைச் சைக்கிளில் வந்த ஒரு ஏஜென்ட் மாமா பார்த்தார். கறுப்புத் தோல் பை, அதற்குள் கார்பன் தாள், பேனை கசிந்த சட்டைப்பை. ஊரில் யாருக்குச் சலரோகம், யாருக்கு நெஞ்சுவலி, யாருடைய வயது பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் பொலிசியில் இன்னொன்றும் என்பது அவருக்கு மனப்பாடம். அவரே கல்யாணத் தரகும் பார்த்தார். இது தற்செயல் அல்ல, ஒரே சரக்கை இரண்டு கடையில் விற்றார், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்து, “என்ன மாமா, பொம்பிளையின்ர தேப்பனுக்கு ஏதும் வருத்தம் கிருத்தம்?” என்று கேட்டால், மாமா நேராகப் பதில் சொல்லமாட்டார். “அதொண்டும் நான் சொல்லக் கூடாது பாருங்கோ” என்பார். பிறகு சீனி போடாத தேத்தண்ணியை ஒருதரம் உற்றுப் பார்ப்பார். வேலை முடிந்தது. தரவுக் கசிவு என்ற சொல் பிறக்க முன்பே கசிந்தது அப்படி.

மாமா கசியவிட்டாலும் ஒரு ஊர் அளவுக்குத்தான். சைக்கிள் போகும் தூரம் அவ்வளவுதான். இங்கிலாந்துக் கொம்பனிகள் இதை எப்படிப் பெரிதாகச் செய்தார்கள் என்று பார்க்கவேண்டுமானால் 2006 தொடக்கம் 2010 வரையான காலத்துக்குப் போகவேண்டும். தொலைப்பதில் ஒரு பொற்காலம் அது.

சம்பிரதாயப்படி அரசாங்கத்தைக் கொண்டே விளக்கேற்றித் தொடங்குவோம். 2007 ஒக்டோபரில் வரித் திணைக்களம் இரண்டு சீடியைச் உள் தபால் பொதியில் லண்டனுக்கு அனுப்பியது. பிள்ளைகளுக்கான உதவிப்பணம் வாங்கும் இரண்டரைக் கோடிப் பேரின் பெயர், விலாசம், பிறந்த தேதி, வங்கி விபரம் எல்லாம் அதில். பதிவுத் தபாலும் இல்லை. சீடி வந்து சேரவில்லை, இன்றுவரை வரவில்லை. உதவிப்பணம் வாங்கியவர்கள் எல்லோரும் அதில் அடக்கம் என்பதால் லூயிஷாமில் அப்போது தொட்டில் ஆட்டிய தமிழ் வீடுகளும் அடக்கம். திணைக்களத் தலைவர் பதவி விலகினார். நிதி அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார். தண்டம் போட அப்போது ஆணையாளரிடம் அதிகாரமே இருக்கவில்லை. அது 2010 ஏப்ரலில்தான் வந்தது, அதுவும் அரை மில்லியன் பவுணுக்கு மேல் போகக்கூடாது என்ற கடிவாளத்தோடு.

காப்புறுதிக்காரர்களை அடிக்கும் பிரம்பு அந்தக் காலத்தில் நிதிச் சேவைகள் அதிகாரசபையின் கையில் இருந்தது. 2007 டிசம்பரில் அது நோர்விச் யூனியன் லைஃபுக்கு 12.6 லட்சம் பவுண் போட்டது. இதில் ஒரு கம்பியூட்டரும் உடைக்கப்படவில்லை, ஒரு பூட்டும் அறுக்கப்படவில்லை. கள்ளர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். “நான்தான் இன்னார், இன்ன தேதியில் பிறந்தவர்” என்றார்கள். பெயரும் பிறந்த தேதியும் யாரும் பார்க்கக்கூடிய பதிவுகளிலிருந்து எடுத்தவை. மறுமுனையில் இருந்த மரியாதையான குரல் மீதி விபரத்தைத் தானே சொல்லிக்கொடுத்தது. சில பேருடைய விலாசத்தையும் வங்கிக் கணக்கையும் மாற்றியும் கொடுத்தது. இப்படி 74 பேருடைய ஆயுள் காப்புறுதியை முறித்து 33 லட்சம் பவுண் கேட்டு எடுத்தார்கள். சாகாமலே சாவுக் காசு. எமதர்மனின் அலுவலகத்துக்கு ஆள்மாறாட்டம் செய்து கூப்பிட்டு, சித்திரகுப்தனிடமே ஏட்டைத் திருத்தி வாங்கிய மாதிரி.

தண்டம் முதலில் 18 லட்சமாக இருந்தது. சண்டை பிடிக்காமல் சீக்கிரம் ஒத்துக்கொண்டதால் 30 வீதம் கழிவு. தள்ளுபடி விலையில் குற்றம் என்று கேள்விப்பட்டது நான் அதில்தான்.

அடுத்தது எச்எஸ்பிசி. 2009 ஜூலையில் அதன் மூன்று காப்புறுதிப் பிரிவுகளுக்குச் சேர்த்து 30 லட்சத்துக்கு மேல். 2007 ஏப்ரலில் ஒரு பிரிவு ஓய்வூதியக்காரர் 1,917 பேரின் விபரத்தை ஒரு ஃபிளொப்பியில் போட்டுத் தபாலில் அனுப்பித் தொலைத்தது. 2007இல் ஃபிளொப்பி! ஊரில் தட்டச்சு வகுப்புக்காரரே அதைக் குப்பையில் போட்டுவிட்ட காலம். அந்த ஜூலையில் மேலிடம் எல்லாப் பிரிவுக்கும் கவனமாக இருங்கள் என்று எச்சரித்தது. பிள்ளைகள் பாடம் படித்தன. 2008 பெப்ரவரியில் இன்னொரு பிரிவு ஒரு சீடியைத் தபாலில் தொலைத்தது. இந்தமுறை 1,80,000 பேர். ஃபிளொப்பியிலிருந்து சீடிக்கு மாறியதை முன்னேற்றம் என்றுதான் சொல்லவேண்டும், கொள்ளளவு கூட.

எனக்கு அதில் பிடித்த பிரிவு மூன்றாவது, தரகுப் பிரிவு. தபாலில் தொலைத்த சீடி என்று அவர்கள் பேரில் எதுவும் இல்லை. ஆனாலும் 7 லட்சம் பவுண். வாடிக்கையாளர் விபரங்கள் திறந்த தட்டுகளிலும் பூட்டாத அலுமாரிகளிலும் கிடந்தன என்பதும் அந்த மூன்று பிரிவுகள் மேலும் வைக்கப்பட்ட குற்றச்சாட்டில் ஒன்று. களவு போகவேண்டியதில்லை, களவு போகக்கூடிய மாதிரி வைத்திருந்தாலே குற்றம். இதைப் படித்த அன்று நான் இங்கே லண்டனில் இருக்கும் எங்கள் ஏஜென்ட் அண்ணையை நினைத்துக்கொண்டேன். அவருடைய அலுவலகம் அவருடைய காரின் பின்பெட்டி. ஒருதரம் கிளாரண்டன் ரைஸ் சிவன் கோயில் வாசலில் பெட்டியைத் திறந்து காட்டினார். அரிசி மூட்டை, குழந்தைக் கதிரை, வடை சுற்றிய தாள், அதற்குக் கீழே 2003 தொடக்கம் லூயிஷாமில் வீடு வாங்கிய அத்தனை தமிழனின் சம்பளத் துண்டு. “எல்லாம் பத்திரமா இருக்கு தம்பி” என்றார். பெட்டியின் பூட்டு உடைந்து கயிற்றால் கட்டியிருந்தது.

சூரிச் கொம்பனியின் கதைதான் பொற்காலத்தின் மகுடம். இங்கிலாந்து வாடிக்கையாளர்களின் கணக்குகளைத் தென்னாபிரிக்காவில் இருக்கும் தங்கள் கிளையிடம் ஒப்படைத்திருந்தார்கள். 2008 ஆகஸ்டில் அங்கே ஒரு சேமிப்புக் கிடங்குக்கு வழக்கம்போலத் தரவு நாடாவைக் கொண்டுபோகும்போது ஒரு நாடா காணாமல் போனது. 46,000 பேர், பூட்டுப் போடாத தரவு. ஆள் விபரம், சிலருடைய வங்கி அட்டை விபரம். அதோடு வீட்டில் என்ன விலை உயர்ந்த பொருள் இருக்கிறது, அதற்கு என்ன காவல் என்பதும் இருந்தது. கள்ளன் கையில் கிடைத்திருந்தால் அவன் வேறு ஒன்றும் விசாரிக்கத் தேவையில்லை, எந்த வீட்டுக்கு என்ன திறப்பு என்பது வரை எழுதிக் கொடுத்த சாமான் சிட்டை. இதெல்லாம் இங்கிலாந்துத் தலைமைக்குத் தெரியவந்தது எப்போது? ஒரு வருடம் கழித்து. ஆள் செத்த தந்தி ஆண்டுத் திவசத்துக்கு வந்த மாதிரி. 2010 ஆகஸ்டில் 22,75,000 பவுண் தண்டம். ஒரு தனிக் கொம்பனிக்குத் தரவுப் பாதுகாப்பில் அதுவரை போடப்பட்டதில் அதுதான் உச்சம்.

சரி, இந்தப் பணமெல்லாம் எங்கே போனது? திறைசேரிக்கு என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. இந்த இடத்தில்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். அந்தக் காலச் சட்டப்படி அதிகாரசபை வசூலிக்கும் தண்டப்பணம் மற்றக் கொம்பனிகளின் நன்மைக்குப் போகும். அவர்கள் அதிகாரசபைக்குக் கட்டவேண்டிய கட்டணத்தில் அது கழிக்கப்படும். அதாவது ஒரு பொடியன் வகுப்பில் மற்றவனுடைய பென்சிலைத் தொலைத்தால் வாத்தியார் அவனிடம் தண்டம் வாங்கி, பென்சில் தொலைக்காத மற்றப் பொடியங்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுப்பார். பென்சிலின் சொந்தக்காரன் பின்வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். 2012இல் சட்டத்தை மாற்றி இனிப்பைத் திறைசேரிக்கு அனுப்பினார்கள். சொந்தக்காரன் இன்னும் பின்வாங்கில்தான்.

பிறகு வந்தவை சில்லறை. பயணக் காப்புறுதி விற்ற ஸ்டேஷூர், அட்டையின் பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்கத்தை, வைத்திருக்கவே கூடாது என்ற விதி இருந்தும் சேர்த்து வைத்திருந்தது. 2013இல் புகுந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனதில் 5,000 பேரின் அட்டையில் களவு நடந்தது, 2015இல் தண்டம் 1,75,000. ரோயல் அண்ட் சன் அலையன்ஸ் ஹோர்ஷமில் ஒரு சேமிப்புக் கருவியை அலுவலகத்துக்குள்ளேயே பறிகொடுத்தது. எந்த நாளில் என்றால் 2015 மே 18க்கும் ஜூலை 30க்கும் இடையில் ஏதோ ஒரு நாளில். 59,592 பேர், 1,50,000 பவுண். பூபா காப்புறுதியில் ஒரு ஊழியரே 5,47,000 பேரின் விபரத்தைத் தனக்கு மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டு இருண்ட வலையில் விற்பனைக்குப் போட்டார். 2018இல் 1,75,000 பவுண்.

ரென் மாதிரி உட்கார்ந்து நானும் வகுத்துப் பார்த்தேன். சூரிச்சில் ஒரு ஆளின் ரகசியம் தலைக்கு 49 பவுண் சொச்சம். ரோயல் அண்ட் சன்னில் இரண்டரைப் பவுண். பூபாவில் 32 பென்ஸ். லூயிஷாம் சந்தையில் ஒரு கோப்பை வெண்டிக்காய் ஒரு பவுணுக்குக் கூவி விற்கிறார்கள். ரகசியத்தின் விலை வெண்டிக்காயின் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது, அதுவும் எனக்கு வராத பணம்.

எனக்கு வரவேண்டுமானால் நான் வழக்குப் போடவேண்டும். அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1998ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பொக்கெற்றில் நட்டம் வந்தால்தான் மனவேதனைக்கும் காசு. வெறும் வேதனை என்றால் வீட்டுக்குப் போய் அழு. 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வேதனை மட்டும் இருந்தாலும் போதும் என்றது, அது கூகுள் மேல் போட்ட ஒரு வழக்கு. பிறகு ஒரு கெட்டிக்காரர் அதே கூகுள் மேல் நாற்பது லட்சம் ஐபோன்காரருக்காக ஒரே வழக்காக வந்து தலைக்கு 750 பவுண் கேட்டார். பெருக்கினால் 300 கோடிப் பவுண். 2021இல் உச்ச நீதிமன்றம் பார்த்தது. ஒவ்வொருவருக்கும் என்ன நட்டம், என்ன வேதனை என்று காட்டு, மொத்தமாக நிறுக்கமுடியாது என்று அனுப்பிவிட்டது. அதன் இடத்துக்கு வந்த புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொம்பனிகளுக்கு 1.75 கோடிப் பவுண் அல்லது உலக வருமானத்தில் 4 வீதம் வரைக்கும் பயம் காட்டுகிறது, 72 மணித்தியாலத்துக்குள் ஆணையாளரிடம் ஓடிப்போய்ச் சொல்லச் சொல்கிறது. அந்த ஓட்டம் ஆணையாளர் வீட்டுக்கு.

இதைக் கோயில் மண்டபத்தில் வைத்துச் சொன்னபோது சென்னையிலிருந்து மகளிடம் வந்திருந்த ஒரு ஐயா செருமினார். “இதெல்லாம் ஒரு விஷயமா சார்? எங்க ஊர்ல மூணு கோடி.”

அவர் சொன்னது நுங்கம்பாக்கத்தில் தலைமையகம் வைத்திருக்கும் ஸ்டார் ஹெல்த். 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. டெலிகிராமில் தானியங்கிக் கணக்குகள் இரண்டு, கேட்டால் காப்புறுதி எடுத்தவரின் பத்திரத்தைக் கொடுக்கும். பெயர், தொலைபேசி, விலாசம், அடையாள அட்டைப் பிரதி, ரத்தப் பரிசோதனை, என்ன வருத்தம் என்ற டொக்டரின் குறிப்பு. எங்கள் ஏஜென்ட் மாமாவையே கம்பியூட்டருக்குள் அடைத்துத் தேத்தண்ணிச் செலவும் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். சென்சென் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு ஆள் மூன்று கோடிக்கு மேற்பட்டவர்களின் விபரம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். கொம்பனி முதலில் பரவலான பாதிப்பு இல்லை என்றது. பிறகு தன் மேல் குறிவைத்த தாக்குதல் நடந்ததாகச் சொன்னது, ஆகஸ்டிலேயே 68,000 டொலர் கப்பம் கேட்டு மின்னஞ்சல் வந்ததையும் சொன்னது.

வழக்கும் வந்தது, சென்னை உயர் நீதிமன்றத்தில். யார் போட்டது? கொம்பனி. யார் மேல்? டெலிகிராம் மேல், இணையச் சேவைக் கொம்பனியான கிளவுட்ஃபிளேர் மேல், அந்தச் சென்சென் மேல். நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. கொம்பனி பாதிக்கப்பட்டது உண்மை, அதில் தகராறு இல்லை. எவலின் கதையில் பார்த்தால் பென்போ வழக்குக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். வீட்டின் சொந்தக்காரர்கள் மூன்று கோடிப் பேர் வாசலில் நிற்கிறார்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை தண்டம் போடலாம் என்கிறது. அதுவும் அரசாங்கக் கருவூலத்துக்குத்தான். பாதிக்கப்பட்டவன் நட்டஈடு கேட்க ஐடி சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு உண்டு. புதிய சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்போது அதை நீக்கிவிட வேண்டும் என்று அதே புதிய சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். தண்டத்துக்கு வாசல் திறந்த கையோடு நட்டஈட்டு வாசலைப் பூட்டவும் எழுதியாயிற்று. ஐயா இதைக் கேட்டுவிட்டு, “பிரசாதம் குடுக்கிறாங்க போல” என்று எழுந்து போனார்.

லண்டனில் அண்மையில் ஒரு சின்னச் சந்து திறந்திருக்கிறது. சசெக்ஸ் பொலிஸ்காரர்களின் ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கும் நிறுவனம் 2019இல் அவர்களின் ஆண்டுக் கணக்குக் கடிதங்களைப் பழைய விலாசங்களுக்கு அனுப்பிவிட்டது. வீடு மாறிப்போன பொலிஸ்காரன், பழைய வீட்டில் யாரோ, அவன் கையில் இவனுடைய சம்பளமும் பிறந்த தேதியும். நூற்றுக்கணக்கான பொலிஸ்காரர் வழக்குப் போட்டார்கள். 2024இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒரு கேள்வி கேட்டார்: உறையை யாராவது திறந்தார்களா? திறந்ததாகக் காட்டக்கூடியவர்கள் 14 பேர். அந்தப் 14 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் தள்ளிவிட்டார். சசெக்ஸ் முழுக்கக் கள்ளனைப் பிடித்த மனிதர்கள், தங்கள் கடித உறையைக் கிழித்தவனைப் பிடிக்கமுடியாமல் தோற்றார்கள். 2025 ஆகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 432 பேரைத் திரும்பவும் உள்ளே எடுத்தது. யாரும் திறந்தார்கள் என்று காட்டவேண்டிய கட்டாயமில்லை, பயப்படுவதற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும் என்றது.

நான் இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் ஆசையோடு படித்ததற்குக் காரணம் உண்டு. எனக்கும் ஒரு காப்புறுதி முகவர் நிலையம் எழுதியிருந்தது. பெயர் வேண்டாம். அவர்கள் என் தனியுரிமையை மிகவும் மதிப்பதாக முதல் வரியிலேயே இருந்தது, அதிலிருந்தே ஏதோ போய்விட்டது என்று விளங்கவேண்டும். ஒரு ‘சம்பவம்’ நடந்திருக்கிறது, சுகாதார விபரங்களும் உட்பட்டிருக்கலாம், தவறாகப் பயன்பட்டதற்கு ஆதாரம் இல்லை.

கடிதத்தை நான் பார்க்கவில்லை. அது கற்ஃபோர்டில் ஆறு வருடத்துக்கு முன் நான் விட்டுவிட்டு வந்த பிளட்டுக்குப் போயிருந்தது. இப்போது அங்கே இருக்கும் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு வாசித்துக் காட்டினான்.

“அண்ணை, உங்கட விபரமெல்லாம் வெளியில போட்டுதாம்.”

“ஐயையோ.”

“சுகாதார விபரமும் எண்டு கிடக்கு. உங்களுக்கு என்னண்ணை வருத்தம்?”

“சும்மா கொஞ்சம் சுகர்” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. பழக்கதோஷம்.

அடுத்த கிழமை சட்டம் படித்த ஒரு மருமகனிடம் கேட்டேன். புதுத் தீர்ப்புப்படி கட்டாயமில்லை, ஆனாலும் உறையைத் திறந்தவர் ஒரு வரி எழுதித் தந்தால் கேஸ் பலமாக இருக்கும் மாமா என்றான். நானும் அந்தப் பதினான்கு பேரோடு பதினைந்தாமவராக நிற்கப்போகிறேன் என்ற மிதப்பில் தம்பியைக் கூப்பிட்டேன்.

“சீச்சீ, நான் திறக்கேல்லை அண்ணை. அது வரேக்கையே கிழிஞ்சுதான் வந்தது.”

“எடேய், நீ எனக்கு வாசிச்சுக் காட்டினனி!”

“அது... கிழிஞ்ச ஓட்டையுக்கால தெரிஞ்சது அண்ணை.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குரல் கனிந்தது. “அதை விடுங்கோ. ஊரில அம்மாவோட கதைச்சனான். பாவக்காயை அவிச்சு வெறும் வயித்தில தண்ணியைக் குடிக்கட்டாம். மற்றது, பக்கத்து வீட்டு அன்ரிக்கும் உங்களுக்கு மாதிரித்தானாம், அவ வெந்தயம் எண்டு சொல்லுறா.”